சமையல்காரன் சாகாத பத்து வாரம்

ரத்தினம்மாவுக்குக் கோபம் வர ஒரு காரணமும் வேண்டாம் என்று தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருக்கும் கோரமண்டல் லைன் வீடுகளில் பேசிக்கொள்வார்கள். அபாண்டம். 1966ஆம் வருஷம் அவளுக்கு வந்த கோபத்துக்கெல்லாம் சரியான காரணம் இருந்தது. அது ஐந்து பாகமாக, ஆயிரத்தெண்ணூறு பக்கத்துக்குப் படிப்பக அலமாரியில் உட்கார்ந்திருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் எழுதி, யாரோ ஒரு புண்ணியவான் தமிழாக்கிய கடல் நாவல். தகப்பனைக் கொன்றவனைத் தேடி ஒருவன் கப்பலேறுகிறான். அவ்வளவுதான் கதை. மூன்றாம் பாகம் வந்த பிறகும் தேடிக்கொண்டுதான் இருந்தான்.

ரத்தினம்மா ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. எட்டாவது வரை படித்தவள். வார்டின் இந்தக் கோடியில் நின்று பேசினால் அந்தக் கோடியில் இருப்பவன் எழுந்து உட்காருவான், அப்படி ஒரு குரல். படிப்பகத்துச் செயலாளர் நெடுஞ்செழியன் அந்தக் குரலுக்காகவே அவளைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தான். அவனுக்கும் படிக்கத் தெரியும். ஆனால் அவன் படித்தால் காதல் கட்டம்கூட யூனியன் நோட்டீஸ் மாதிரி இருக்கும். ஆகவே புதன்கிழமை தோறும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் படிப்பாள், சுரங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் கேட்பார்கள்.

கேட்பார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். வாயை மூடிக்கொண்டு கேட்டால் அவர்கள் எதற்கு இந்த ஊரில் பிறக்கிறார்கள்? கதாநாயகன் ஒரு தீவில் குகைக்குள் தீப்பந்தத்தோடு நுழைந்தான். அவ்வளவுதான், ஏசுபாதம் எழுந்துவிட்டான். பன்னிரண்டு வருஷம் சுரங்கத்துக்குள், கீழே லெவலில் வேலை செய்தவன்.

"யக்கா, நிறுத்து. மேல கட்டை முட்டு குடுக்காம எப்டி உள்ள போவான்? காத்து கீதா இல்லியான்னு பாத்தானா? எந்த மடையன் இவனை உள்ள வுட்டது?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு, படிக்கிறேன். நானா உள்ள அனுப்பினேன்?"

"அதுக்கில்லக்கா. செத்துப் பூடுவான்."

அதைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார்கள். கப்பலில் குடிதண்ணீர் தீர்ந்த அத்தியாயத்தில், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பேத்தமங்களா பைப் உடைந்தால் நமக்கும் இதே கதிதான் என்று ஆரம்பித்து, தண்ணீர்க் குழாய்ச் சண்டை முழுவதும் பேசி முடித்தார்கள். அன்றைக்கு ரத்தினம்மா படித்தது ஒன்றரைப் பக்கம்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் வழக்கத்தைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். எந்தப் புதன்கிழமையை எடுத்தாலும் இரண்டு பேராவது இரண்டாம் ஷிப்டில் கீழே இருப்பார்கள். சேர்ந்து இறங்கும் கேங்கில் ஒருத்தனை விட்டுவிட்டு மற்றவர்கள் மேலே வருவதில்லை என்பது சுரங்கத்துப் பழக்கம். அதை இந்த மகானுபாவர்கள் நாவலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். போன வாரம் வராதவனுக்காக அந்த அத்தியாயத்தை மறுபடி படித்த பிறகுதான் புது அத்தியாயம். யாரும் முன்கூட்டிப் படித்துவிடக் கூடாது என்று புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை நெடுஞ்செழியன் இடுப்பில் செருகிக்கொள்வான். படிக்கிறவளுக்கும் அதே சட்டம்தான்.

ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவர் தங்கவேலு ஒருத்தர்தான். அவருக்கு ஷிப்ட் மாறாது. ஐந்து வருஷம் முன்பு கீழே பாறை வெடித்துச் சரிந்ததில் அவருக்கு வலது கால் போச்சு. கால் இருக்கிறது, மடங்காது. அதனால் மேலே லாம்ப் ரூமில், இறங்குகிறவர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை. அதே சரிவில் அவருடைய தம்பி சின்னசாமி செத்துப்போனான். கால் ஆறும்வரை தங்கவேலு படுத்திருந்தது ரத்தினம்மாவின் வார்டில்.

மனுஷன் வாயே திறக்க மாட்டார். சுவரோரம் காலை நீட்டி உட்காருவார், கேட்பார், போவார். ஆனால் கதையில் ஒரு கப்பல் சமையல்காரன் வந்தான். கேப்டனையே கெட்ட வார்த்தையில் திட்டுகிறவன், சட்டைப்பையில் வெங்காயம் வைத்துக்கொண்டு திரிகிறவன், உப்பு அதிகம் என்று யாராவது சொன்னால் இன்னொரு பிடி அள்ளிப் போடுகிறவன். அவன் வந்த முதல் நாள் தங்கவேலு சிரித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க சின்னசாமிதான்யா இவன்," என்றார். "அப்டியே அவன்தான். உப்பு விஷயத்துல கூட."

அதிலிருந்து அந்தச் சமையல்காரனுக்காகவே வந்தார். அவன் வராத அத்தியாயத்தில் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். வந்தால் நிமிர்ந்துவிடுவார்.

மூன்றாம் பாகம், பன்னிரண்டாம் அத்தியாயம். புயல். ரத்தினம்மா நன்றாக இழுத்துப் பிடித்துப் படித்துக்கொண்டு வந்தாள். வாய் ஒரு வரியில் இருந்தால் கண் இரண்டு வரி முன்னால் ஓடும், அது படிக்கிறவர்கள் வழக்கம். கண் போய் இடித்தது: சமையல்காரனை அலை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நிமிர்ந்து பார்த்தாள். தங்கவேலு வாய் பிளந்து, சிரித்த முகமாக, அடுத்து அந்தப் பயல் என்ன செய்யப்போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சமையல்காரன் பாய்மரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அலை அவனை விட்டுவிட்டுப் போயிற்று."

தங்கவேலு தொடையில் தட்டினார். "அவன் போவானா! கெட்டிக்காரன்!"

அன்றைக்கு வந்த வினை அது. செத்தவனை உயிரோடு வைத்திருப்பது என்ன லேசுப்பட்ட வேலையா? அடுத்த அத்தியாயத்தில் அவன் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. எப்படி இருப்பான்? ஆனால் அவன் பேச்சு வராமல் பத்துப் பக்கம் போனால் சுவரோரத்திலிருந்து குரல் வரும்: "நம்ம ஆளு எங்க கீறான், ரத்தினம்மா?" உடனே இவள் படிக்கிற வேகத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும். வெங்காயம் உரித்தான், அடுப்பு ஊதினான், கேப்டனைத் திட்டினான்.

அதோடு போனதா? மறுவாரம் ஷிப்ட் முடிந்து வந்தவர்களுக்கு அதே அத்தியாயத்தை மறுபடி படிக்க வேண்டுமே! புத்தகத்தில் இருப்பதைப் படித்தால் வரிக்கு வரி அப்படியே வரும். தானாகச் சேர்த்தது எப்படி வரும்?

"யக்கா, போன வாரம் மீன் கொழம்பு வெச்சான்னு படிச்சே. இப்ப கறிங்கிறே?" என்றான் இரண்டு வாரமும் வந்த ஒருவன்.

"மீனும் வெச்சான், கறியும் வெச்சான். கப்பல்ல முப்பது பேரு கீறாங்க, உங்க வூட்டு மாதிரி ஒரு சட்டியா?"

"கோவிச்சுக்காத. கேட்டேன்."

கோவிச்சுக்காமல்? ராத்திரி டியூட்டியில் பேஷண்டுக்குப் பெட்பேன் வைக்கும்போதுகூட, அடுத்த வாரம் அந்தக் கடன்காரனை எங்கே நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். எழுதினவனுக்கு ஐந்து பாகத்தில் இல்லாத கஷ்டம் இவளுக்கு ஐந்து அத்தியாயத்தில் வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. பத்து வாரம் ஓட்டினாள். அந்தச் சிரித்த முகத்துக்கு முன்னால் அவனை இரண்டாம் தடவை கொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அதுதான் நிஜம்.

இதற்குள் ஏசுபாதம் வந்து சேர்ந்தான். தங்கை கல்யாணம் என்று லீவு போட்டு வேலூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவன், காய்ச்சலில் விழுந்து, இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பினான். போகும்போது மூன்றாம் பாகம் பதினோராம் அத்தியாயம். கேங் சட்டப்படி, பன்னிரண்டிலிருந்து எல்லாவற்றையும் அவனுக்காக மறுபடி படிக்க வேண்டும்.

"இவனைக் காய்ச்சல் ஒரேயடியா கொண்டு போயிருக்கக் கூடாதா?" என்று ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் புதன்கிழமை பார்த்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றிப் போட்டுவிட்டார்கள். "நான் இல்லாம புஸ்தகத்தைத் தொடாதீங்க," என்று நெடுஞ்செழியனுக்குச் சொல்லி அனுப்பினாள். சொன்னால் கேட்கிற ஜாதியா அது? பழைய அத்தியாயம்தானே, நானே படித்துவிடுகிறேன் என்று அவன் எடுத்துப் படித்துவிட்டான். யூனியன் நோட்டீஸ் குரலில், ஒரு எழுத்து விடாமல்.

அடுத்த வாரம் அவள் உள்ளே நுழைந்தபோது நெடுஞ்செழியன் முகம் சிவந்து நின்றான்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. நான் தப்பா படிச்சேன்னு எல்லாரும் என்னைப் புடிச்சுத் திட்டிக்கினு கீறாங்க. சமையல்காரன் செத்துட்டான்னு படிச்சேன். பத்து வாரமா உயிரோட கீறவன் எப்டிடா சாவான்னு சட்டையப் புடிக்க வராங்க. புஸ்தகத்துல அப்டித்தான் போட்டிருக்கு! இதோ!"

"இவனுக்குக் கண்ணு தெரியல," என்றான் ஒருவன். "நீ படி யக்கா."

ரத்தினம்மா யாரையும் பார்க்கவில்லை. தங்கவேலுவை மட்டும் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டால் கோபம்தானே முதலில் வரும்? அவளுக்கும் வந்தது.

"ஆமா, நான்தான் மாத்திப் படிச்சேன். இன்னா இப்ப? ஒரு மனுஷன் சிரிக்கட்டுமேன்னு படிச்சேன். அது ஒரு குத்தமா?"

"ரத்தினம்மா," என்றார் தங்கவேலு. குரலை உயர்த்தவில்லை. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில, சின்னசாமியும் அடுத்த வார்டுலதான் கீறான்னு சொன்னே."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒம்போது நாளு சொன்னே. கஞ்சி குடிச்சான், தூங்குறான், நாளைக்கு எழுந்து வருவான்னு சொன்னே. எனக்குக் காலையில ஒரு முட்டை குடுப்பாங்க. பாதி நான் துன்னுட்டு, பாதிய உன் கையில குடுத்து அவனுக்கு அனுப்பிச்சேன். அதுக்குள்ள அவனப் பொதைச்சு ஒரு வாரம் ஆயிருக்கு. ஒரு பிடி மண்ணு போடல நான்."

"உங்க பெஞ்சாதி தாயம்மாதான் கேட்டுக்கிச்சு அண்ணா. கால் ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"அவளையும் கேட்டாச்சு. உன்னையும் இப்ப கேக்குறேன். அந்த முட்டைய இன்னா பண்ணே?"

ரத்தினம்மாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு அதிலும் ஆத்திரம்.

"என் பொண்ணுக்கு எடுத்துக்கினு போனேன்."

தங்கவேலு தலையாட்டினார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. காலைக் கையால் பிடித்து நகர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் கொழந்த இல்ல. அவன் எப்டிப் போனான்னு எனக்குத் தெரியணும். படி."

நெடுஞ்செழியன் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தான். அவள் படித்தாள். எத்தனையோ கட்டத்தை ஏற்றி இறக்கிப் படித்தவளுக்கு அன்று குரல் எழும்பவில்லை. எல்லோரும் கிட்டே வந்து உட்கார வேண்டியிருந்தது. அலை வந்தது. சமையல்காரன் நின்றிருந்த இடத்தில் இப்போது அவன் இல்லை. கேப்டன் கப்பலைத் திருப்பச் சொன்னான். படகு இறக்கினார்கள். குகைக்கு முக்கால் மணி நேரம் சண்டை போட்ட ஏசுபாதம்கூட மூச்சு விடவில்லை.

"தேடுனாங்களா?" என்று கேட்டார் தங்கவேலு.

"தேடுனாங்க அண்ணா. இருட்டுற வரைக்கும் தேடுனாங்க. போட்டிருக்கு."

"யார் யார் போனாங்க?"

ரத்தினம்மா பக்கத்தைப் பார்த்தாள். 'நான்கு பேர்' என்றுதான் இருந்தது. கப்பலில் இருந்த அத்தனை பேர் பெயரும் அவளுக்கு மனப்பாடம். நாலு பெயரைச் சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நாலு பேருன்னு இருக்கு. பேரு போடல, அண்ணா."

"சரி," என்றார் அவர். "மேல படி."