வெள்ளைத்தாள் வைத்த பக்கம்

‘கேஸ் ஸ்டடி, கேஸ் ஸ்டடி’ என்று சொல்லிக்கொண்டு திரியும் அந்தப் பேராசிரியரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பொறியியல் கல்லூரியில் எட்டு வருடம் ஜெராக்ஸ் எடுத்தேன். சிவில் மூன்றாம் ஆண்டுக்கென்று வருடம் தவறாமல் அறுபது பிரதி கேட்பார். “பாடம் நடத்தினா தூங்குவாங்கம்மா. நடந்த கதையைக் குடுத்தா சண்டை போட்டுக் கத்துக்குவாங்க” என்பார். நடந்த கதைதான். யாருக்கு நடந்தது என்பதில் மட்டும் அவருக்கு அக்கறை கிடையாது.

நடந்தது கான்கிரீட் லேபில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு. கூடப்பிறந்தவர் இல்லை, கல்லூரியே அவரை அப்படித்தான் கூப்பிடும். மாணவர்கள் வார்த்த கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்பது அவர் வேலை. கட்டி உடையும் முன்பே எண்ணை எழுத எவனாவது பேனாவைத் திறந்தால் போதும், அந்தச் சாது எரிந்து விழுவார். “முதல்ல உடையட்டும்டா!”

இருபது வருடத்துக்கு முன்னால் அவர் ஒரு கட்டட வேலையில் சூப்பர்வைசர். இன்ஜினியர் வாரத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பார். அவர் வரும்போது, அடுத்த ஆறு நாள் வேலையும் முடிந்துவிட்டதுபோல் பதிவேட்டில் எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும். மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார். ஒரு வாரம், திங்கட்கிழமை கூரைக்குக் கான்கிரீட் போட்டாயிற்று என்று அண்ணன் எழுதினார். மழை பிடித்துக்கொண்டதால் வெள்ளிக்கிழமைதான் போட்டார்கள். தேதியைத் திருத்த மறந்துவிட்டார். கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரிக்க வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்து நாளை எண்ணி, கான்கிரீட் சரியாக இறுகும் முன், நான்கு நாள் முன்னதாகவே பிரித்தார்கள். கூரை விழுந்து ஒரு தொழிலாளி செத்தார். அண்ணன் ஒன்றரை வருடம் சிறையில் இருந்தார். ‘எழுதினது அவன், நான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன்’ என்று தப்பித்த இன்ஜினியர், பின்னால் எங்கள் கல்லூரிக்கே முதல்வராக வந்து, அண்ணனுக்கு லேபில் வேலையும் போட்டுக் கொடுத்தார். அதை நல்ல மனசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பதிவேட்டுப் பக்கமும் பேராசிரியரின் கேஸ் ஸ்டடியில் உண்டு. பிரதி எடுக்கும்போது அடியிலிருக்கும் இன்ஜினியர் கையெழுத்தின்மேல் வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை வைக்கச் சொல்வார். “தேவையில்லாத விவாதம் வரும்.” ஏழு வருடம் அதை வைத்தது என் கைதான். வயிற்றுப்பிழைப்பு என்று சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட பேச்சு.

எட்டாவது வருடம் அண்ணனின் மகள் மூன்றாம் ஆண்டுக்கு வந்தாள். அவர் சிறையில் இருந்தபோது கைக்குழந்தை. அப்பா அப்போது வெளியூரில் வேலை பார்த்தார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். என் ஜெராக்ஸ் அறை வாசலில் வைத்தே பேராசிரியரை மறித்தார் அண்ணன்.

“இந்த ஒரு வருஷம் வேற கேஸ் குடுங்க சார். எம்பொண்ணு இருக்கா.”

“உங்க பேரே அதுல இல்லையேப்பா. அவளுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாமலே என்னைத் திட்டுவா சார். அதைக் காதால கேக்கணுமா?”

“நல்லா ஓடுற கேஸ்ப்பா. மாத்த முடியாது.”

பேராசிரியர் போனதும், “மெஷின் ரிப்பேர்னு சொல்லிடட்டுமாண்ணே?” என்று கேட்டேன்.

“வேணாம்மா. அவர் வெளிய எடுத்துக்குவார். நானே அவகிட்ட சொல்லிடறேன்.”

சொல்லவில்லை. நான்கு நாளும் கேட்டேன். நான்கு நாளும் “நாளைக்கு” என்றார். அவர்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஐந்தாம் நாள் அறுபது பிரதி எடுத்தேன், வெள்ளைத்தாள் வைக்காமல்.

வகுப்பில் நானே விநியோகித்தேன். உடைந்த கட்டிகளைக் காட்டுவதற்காக அண்ணனையும் வரச் சொல்லியிருந்தார் அந்தப் புண்ணியவான். கேஸைப் படித்து முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய முறை அன்று மகளுடையது. முதல் பக்கத்தைப் படித்த வேகத்தில் எழுந்தாள்.

“செய்யாத வேலையைச் செஞ்சதா எழுதினவன் மனுஷனே இல்ல சார். அவனை வெளியவே விட்டிருக்கக் கூடாது.”

அண்ணன் கட்டிகள் இருந்த தட்டை மேசைமேல் வைத்தார். “அது நான்தாம்மா.”

“நீங்க லேபுக்குப் போங்க” என்றார் பேராசிரியர். அண்ணன் நகரவில்லை.

“அப்போ வெளியூர்ல வேலைன்னது?” என்றாள் மகள்.

“ஜெயில்லம்மா.”

“அன்னைக்கு நடக்காததை எழுதினீங்க. எங்கிட்ட நடந்ததைக்கூடச் சொல்லல.”

அவள் அழவில்லை. உட்கார்ந்து பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். அட்டையில் முதல்வர் கையெழுத்து, தாளிலும் அதே கையெழுத்து. பெஞ்சுக்குப் பெஞ்சு அட்டைகள் கழன்றன.

பேராசிரியர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். “பிரிண்ட் தப்பாயிடுச்சு. எல்லாரும் திருப்பிக் குடுங்க.”

“சரியாத்தான் வந்திருக்கு சார்” என்றேன். என் வேலை போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

கேஸின் கடைசியில் ‘விபத்துக்குப் பொறுப்பானவர் யார்?’ என்று கேட்டு, பதிலுக்கு ஒரே ஒரு கோடு போட்டிருப்பார். அவள் எழுதினாள். எழுந்து போய்த் தாளைப் பேராசிரியர் முன் வைத்து, பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

“எங்கப்பா பேரை நான் எழுதிட்டேன் சார். இன்னொரு பேரை நீங்க எழுதுங்க.”