கறிவேப்பிலை வாசத்துக்கு மானியம்

சிங்கப்பூரில், பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கறிவேப்பிலைச் செடிகள் இருந்தன. ஒரே மண், ஒரே வெயில். ஒன்று கமகமவென்று மணக்கும், மற்றது வெறும் இலை. அந்த வாசத்தைத் தருவது எந்த மரபணு என்று ஆராய, மானியம் கேட்டுத் தேர்வுக்குழுவின் முன் நின்றேன்.

குழுவில் இருந்த பேராசிரியர் ஒருவர் தமிழர். நான் பேசி முடிக்கும் முன்பே தமிழில் குறுக்கிட்டார். "வாசமான இலை வேணும்னா தேக்கா மார்க்கெட்ல வாங்கிக்கலாமே லா. இதுக்கு எதுக்கும்மா ரிசர்ச்?" பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். மானியம் கிடைக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அதே குழுவில் நான் உட்கார்ந்திருந்தேன். மல்லிகை சாயங்காலத்தில் மலர்வதற்கான மரபணுவைத் தேட மானியம் கேட்டு அந்தப் பேராசிரியர் வந்தார். அவர் உள்ளே வருமுன் தலைவர் வழக்கம்போல் எங்களைக் கேட்டார்: இவர் யாருக்காவது உறவா, கூட்டாளியா? அப்படியானால் எழுந்து வெளியே போய்விட வேண்டும். பகையைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. நான் அசையவில்லை.

அவருடைய திட்டம் நல்ல திட்டம்தான். இருந்தால் எனக்கென்ன? பாதிப் பேச்சில் தமிழில் கேட்டேன். "மல்லிகைதான் சிராங்கூன் ரோட்டுல முழம் போட்டு விக்கிறாங்களே சார். இதுக்கு எதுக்கு ரிசர்ச்?" அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். "நல்லா ஜோக் அடிக்கிறீங்க மேடம்" என்றார். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை.

அதற்கும் சேர்த்துத்தான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.