பொட்டுக்கு அடியில் இருந்த லைசென்ஸ்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் சூடானால் சந்தன வாசனை வரும்...

நிஜமாகத்தான் சொல்கிறேன் ஃப்ரெண்ட்ஸ். கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு சின்ன போல்ட் கம்பெனி. வெளியே மெஷின் ஓடுகிற ஷாப்பில் கட்டிங் ஆயில் நாற்றம், உள்ளே ஆபீஸில் சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சி.பி.யூ.வின் பக்கவாட்டில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பார்கள். பழசைத் துடைக்கிற வழக்கம் கிடையாது. நான் சேர்ந்தபோது மூன்று வருஷப் பூஜை அதன்மேல் காய்ந்து கிடந்தது.

2007 என்று ஞாபகம். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ட்ரெயின். எங்கள் வீட்டில் வேலைக்கென்று வெளியே கிளம்பிய முதல் பெண் நான்தான். வாப்பாவுக்கு இறால் வியாபாரம். "மூணு மாசம் போய்ப் பாரு நஸீமா. பர்மனென்ட் பண்ணலன்னா ஊட்லயே இருந்துக்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

மூன்று மாசம் முடிய நாலு நாள் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. முதலாளி ஒரு பேப்பரை நீட்டினார். "நம்ம போல்ட் வாங்குற பெரிய கம்பெனிக்காரன் இனிமே வெப்சைட்ல பதிஞ்சவனுக்குத்தான் ஆர்டராம். இன்னிக்கு அஞ்சு மணியோட க்ளோஸு. கம்ப்யூட்டர் தெரியும்னு தானம்மா சேந்த? முடிச்சி வை, உன் பர்மனென்ட் லெட்டர்ல வந்து கையெழுத்து போட்டுர்றேன்."

அவர் கார் கிளம்பியதும் வெப்சைட்டைத் திறந்தேன். உங்கள் ப்ரௌசர் பழசு, புது வெர்ஷன் போட்டுக்கொண்டு வாருங்கள் என்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி! ஒரே விண்டோவில் எத்தனை பேஜ் வேண்டுமானாலும் டேப் டேபாகத் திறக்கலாம் என்று அந்தப் புது ப்ரௌசரைப் பற்றிப் படித்திருந்தேன். போட்டுப் பார்க்க ஒரு சாக்கு கிடைத்தது.

டவுன்லோட் முடிந்து இன்ஸ்டால் அமுக்கினேன். முதலில் உங்கள் விண்டோஸ் ஒரிஜினல்தானா என்று பார்க்கிறோம் என்று ஒரு கட்டம் வந்தது. பாரேன் என்று அதையும் அமுக்கினேன்.

சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. ஒரிஜினல் இல்லையாம்...

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்து டேபிளில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிற முனிரத்தினம். ஆந்திரா பார்டர் பக்கத்து ஊர்க்காரர், எல்லோருக்கும் அவர் நைனா. "இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி பூட்ச்சி?" என்றார். சொன்னேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யார்ரா டூப்ளிகேட்டு? டப்பு குட்த்து, பில்லோட நான் தான வாங்கினு வந்தேன்! வைரஸ்னு போன வருசம் ஒர்த்தன் ஃபார்மெட் அட்ச்சான்ல... கைல இருந்த எதோ சிடிய போட்டுட்டு பூட்டான் போல. நம்ம ஒரிஜினல் லைசென்ஸ் நம்பரு சைடுல ஸ்டிக்கர்ல கீதும்மா!"

அசல் நம்பர் இருந்தால் மாற்றிப் போட ஸ்கிரீனிலேயே வழி இருந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

ஸ்டிக்கர் மேல்தான் மொத்தச் சந்தனமும்!

"தகரத்துல பொட்டு நிக்கல... அந்த ஸ்டிக்கர்ல தான் கெட்டியா புட்ச்சிது" என்றார் நைனா, தலையைச் சொறிந்துகொண்டே.

மணி மூன்றேகால். ஷாப்பில் மெஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தேன். கிட்டே போனதும் கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை, பூஜையில் வைத்த பொட்டு, துடைக்கப் போவது முக்காடு போட்ட புதுப் பெண். வாசலில் ஷாப் ஆட்கள் இரண்டு பேர் வேறு எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

நைனா என் கையிலிருந்து வேஸ்ட்டை வாங்கினார். "நீ தொடாத. தள்ளு."

கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். அவரோ எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாளைக்கு எவனாச்சும் உன்ன ஒரு வார்த்த சொல்லுவான். எனக்கு இன்னா? நான் வெச்ச பொட்டு, நானே எடுக்கறேன்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் படிக்க, நான் டைப் அடித்தேன். "எம்... மீஞ்சூர் எம்மு! பி... பொன்னேரி பி! கே... கவரப்பேட்டை கே!" எங்கள் ட்ரெயின் லைனே அந்தக் கீபோர்டில் ஓடியது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் குங்குமம் ஊறிப் போயிருந்தது. பாம்பே பி-யா, எட்டா? நான் பி என்றேன், அவர் எட்டு என்றார். பி போட்டேன், தவறு என்று வந்தது. எட்டு போட்டேன்...

பச்சை டிக்!

நான் நாற்காலியை விட்டுக் குதித்தேன். நைனா கை தட்டினார். எட்டிப் பார்த்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ரீஸ்டார்ட் ஆகி, புது ப்ரௌசர் பளபளவென்று திறந்தது. ஒரு டேப், பக்கத்தில் இன்னொரு டேப். "இன்னொண்ணு தொற, இன்னொண்ணு தொற" என்று நைனா ஒன்பது டேப் திறக்க வைத்தார். ஒன்பதும் காலி! "நைனா, மணி நாலு!" என்று கத்திவிட்டு ஃபாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நாலே முக்காலுக்குப் பதிவாகிவிட்டது.

அஞ்சு மணிக்கு முதலாளி வந்தார். ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, கண் நேரே சி.பி.யூ.வுக்குப் போனது.

"பொட்ட யார் அழிச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் நைனா எழுந்துவிட்டார். "நான் தான் சார். நம்பர மறச்சிக்கினு இருந்துச்சி, தொடச்சி வுட்டேன். பொண்ணு வேலைய முடிச்சிடுச்சி, கையெழுத்து போடுங்கோ."

போட்டார்.

இப்போது நான் வேறொரு கம்பெனியில் முப்பது லேப்டாப்புக்குப் பொறுப்பு. எல்லாம் ஒரிஜினல். ப்ரௌசர் தன்பாட்டுக்கு அப்டேட் ஆகிக்கொள்கிறது, யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷம், அந்தக் கூச்சல் எதுவும் இதில் இல்லை...

இங்கே ஏதாவது தப்பாகிவிட்டால் எல்லோருக்கும் மெயில் பறக்கும். யார் செய்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்போதெல்லாம், கேள்வி என்னிடம் வருவதற்கு முன்னாலேயே "நான் தான் சார்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவரை நினைத்துக்கொள்வேன்.