கரையாத கட்டிக்குச் சொன்ன சாட்சி

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிற உங்க எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள்ல என் இடது காதுக்கு முன்னால ஒரு கட்டி தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவுதான், வலியே இல்ல. சூட்டுக்கட்டின்னு ஒருத்தர், சொத்தைப்பல்லுன்னு ஒருத்தர். வெந்நீர் ஒத்தடம், மஞ்சள் பத்து எல்லாம் பார்த்தாச்சு. அது அசையல.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்ல எங்க ஜெபக்கூட்டத்துல எண்ணெய் பூசி ஜெபிச்சாங்க. அடுத்த வாரமே எங்க வீட்டுக்காரர் டேவிட் எழுந்து, "என் மனைவி முகத்துல இருந்த கட்டியைக் கர்த்தர் கரைச்சுட்டார்"னு சாட்சி சொல்லிட்டார். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. கட்டி அப்படியே இருக்கு! வீட்டுக்கு வந்து பிடிபிடின்னு பிடிச்சேன். "கரையறதுக்கு முன்னாடியே சொல்றதுதான் விசுவாசம், ஜெயா"ன்னார். பொய் சொல்ற மனுஷன் இல்லங்க அவர். என்னை இழந்துடுவோமோன்னு பயம்.

அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறது? போனா சாட்சி பொய்யாயிடும். முடியை முன்னால இழுத்துவிட்டு மறைச்சேன். மாசக்கணக்கா மறைச்சேன். கட்டி எலுமிச்சங்காய் ஆச்சு. "ஆண்டவரே, யார் கண்ணுலயாவது பட்டுத் தொலையட்டுமே"ன்னு அழுதேன்.

அந்த ஜெபத்தைத்தான் அவர் கேட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு பாஸ்டரம்மா என்னைக் கட்டிப்பிடிச்சாங்க. அவங்க கன்னத்துல கட்டி இடிச்சது. முடியை ஒதுக்கிப் பார்த்துட்டு, "அடிப்பாவி! நாளைக்கே டாக்டர்கிட்ட கிளம்பு, நான் வர்றேன்"னாங்க.

ஊசி குத்திச் சோதிச்சாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. டாக்டர் கன்னடத்துல பொறுமையா விளக்கினார். முகத்துல வர்ற கட்டி எல்லாம் ஒண்ணு இல்லையாம். சிலது கொழுப்பு, சிலது சீழ். என்னோடது உமிழ்நீர் சுரப்பியில வந்தது. புற்றுநோய் இல்ல, ஆனா விட்டா அப்படி மாறலாம், எடுத்தே ஆகணும். முகத்து நரம்பு அதை ஒட்டியே ஓடுதாம். "சின்னதா இருக்கும்போதே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்மா"ன்னார். அந்த வார்த்தை இன்னும் அறுக்குது.

ஆபரேஷன்ல உயிர் பிழைச்சேன், ஆண்டவருக்கு நன்றி. ஆனா உதட்டோட இடது ஓரம் எழும்பல. சிரிச்சா பாதி முகம்தான் சிரிக்குது. தண்ணி குடிச்சா ஒழுகுது. டேவிட் ஓடிவந்து துடைச்சுவிடறார், துடைக்கும்போதே அழறார். நான் திட்டறதை விட்டுட்டேன்.

போன வாரம் அதே கூட்டத்துல அவர் எழுந்து, "கர்த்தர் சொல்லாததை நான் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க"ன்னார். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் நின்னேன்.

பிரியமானவங்களே, முகத்துல கட்டி தெரிஞ்சா ஜெபம் பண்ணுங்க, அந்த ஜெபத்தோடயே டாக்டர்கிட்ட போங்க. சாட்சியை அப்புறம் சொல்லலாம். ஆண்டவர் அதுக்குக் காத்திருப்பார். கட்டி காத்திருக்காது.