ஐந்தரைக் கட்டைக்குக் கொஞ்சம் கீழே

1. நின்று நின்று போன வர்ணம்

"நிப்பாட்டும் தம்பி, நிப்பாட்டும். சுருதி சேரேல்லை."

திலகவதி அக்கா மூன்றாவது தரமாகப் பாட்டை நிறுத்தினார். நானும் பாட்டைப் பதியும் ஸ்பூல் மெஷினை நிறுத்தி, நாடாவைத் திரும்ப ஓடவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஒக்லாந்தில், ஹில்ஸ்பரோவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னறை அது. ஒரு கட்டிலும் ஓர் அலுமாரியும் வைத்தால் நிரம்பிவிடும். கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அதற்குள் தம்புராவோடு திலகவதி அக்கா, மிருதங்கத்தோடு அவரது கணவர் பரமண்ணை, தாளத்தோடு நடன ஆசிரியை ரஞ்சி ரீச்சர். நான் கதவோடு ஒட்டிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில். ஒருவர் தும்மினால் நாலு பேரும் ஆடுவோம்.

ரீச்சரின் மாணவி ஒருத்திக்கு அடுத்த மாதம் அரங்கேற்றம். மேடையில் இருந்து பாடுவதற்கு அந்த நாளில் ஒக்லாந்தில் ஆள் பிடிப்பது பெரும்பாடு. ரீச்சருக்குத் தெரிந்து வர்ணம் பாடக்கூடியவர் திலகவதி அக்கா ஒருவர்தான். அவரும் பரமண்ணையும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சிட்னிக்குக் குடிபெயர்கிறார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமைக்குள் பாட்டு முழுவதையும் நாடாவில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் அரங்கேற்றம் இல்லை. சின்ன உருப்படிகள் ஒருமாதிரி முடிந்துவிட்டன. அரைமணி நேர வர்ணம்தான் தொடங்குவதும் நிற்பதுமாக இருந்தது.

2. அறையைப் பற்றிக் கொஞ்சம்

என் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடையில் சோல்டரிங் அயனோடு வளர்ந்தேன். ஒக்லாந்தில் வார நாளில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறில் ரெக்கோடிங்.

புதிதாக ரெக்கோடிங் அறை போடும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, சுவரில் முட்டைத்தட்டு ஒட்டலாமா என்றுதான். ஒட்டாதீர்கள். அது அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் மாற்றுமே தவிர வெளிச் சத்தத்தை மறிக்காது. சத்தத்தை மறிப்பது பொருளின் பாரம். மாநகரசபை பெரிய குப்பை அள்ளும் கிழமையில், ஆட்கள் வாசலில் சுருட்டிப் போட்டிருந்த பழைய கம்பளங்களைப் பொறுக்கி வந்தேன். ஜன்னலுக்கு இரண்டு தடித்த பலகை, நடுவில் கம்பளம். கதவு இடுக்குக்கு ரப்பர். இன்றைக்கும் சொல்வேன், வேலை சுத்தமான வேலை. தெருவில் பஸ் போனால் உள்ளே தெரியாது. கிட்டார் வாசிக்கும் பொடியன்கள் வந்து பதிந்தார்கள், ஒரு சேர்ச் பாடகர் குழுவும் வந்து போனது. ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஆனாலும் எனக்குக் கவலை போகாது. குறை சொல்லாமல் போகிறவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சொல்கிறார்களோ என்று யோசிக்கிற ஆள் நான்.

3. சுவருக்குப் பின்னால்

அக்கா சுருதி சேரவில்லை என்றதும் எனக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான்: மெஷின் பிழை, ஆகவே நான் பிழை. வேகம் கூடிக் குறைகிறதோ என்று மூடியைக் கழற்றி பெல்ட்டைப் பார்த்தேன். ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். கேபிளை மாற்றினேன். மாற்றிய கேபிளையும் மாற்றினேன்.

"என்ன தம்பி, மெஷினைத் திருத்துறீரோ, புதுசா ஒண்டு செய்யிறீரோ?" என்றார் பரமண்ணை.

"காலமை பக்குரங்காவில இருந்து வெறுந்தேத்தண்ணியோட வெளிக்கிட்டனான்," என்றார் ரீச்சர். "இப்பிடியே போனா இரவுச் சாப்பாடும் இஞ்சைதான்."

மறுபடி தொடங்கினோம். சிறிது நேரம் வடிவாகப் போனது. பிறகு அக்காவின் முகம் சுளித்தது. குரல் எதையோ தேடுவதுபோல் இறங்கியது. நிறுத்தினார்.

"உமக்குத் தொண்டை களைச்சுப் போச்சு," என்றார் பரமண்ணை.

"என்ர தொண்டையைப் பிறகு பாப்பம். உங்கட மிருதங்கத்தை முதல் பாருங்கோ."

சண்டை மூளப் போகிறது என்று பயந்து நான் குறுக்கே விழுந்தேன். "அக்கா, நல்லா வந்த துண்டுகளை எடுத்து பிளேட்டால வெட்டி ஒட்டலாம்."

"வர்ணத்தை வெட்டி ஒட்டுறதோ? அப்ப பிள்ளை ஆடேக்க காலையும் வெட்டி ஒட்டுவீரோ?"

அவர் சொன்னது சரி. ஒட்டுகிற இடத்தில் தாளம் இம்மி பிசகினாலும் ஆடுகிறவளின் அடி தவறும். திரும்பவும் முதலிலிருந்து.

இந்த முறை அனுபல்லவியில், சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒருதரம் குலுங்கி ஓய்ந்தது. அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தார். குரல் நிமிர்ந்தது. பாடிக்கொண்டே கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார்.

"இப்ப சேருது! தம்பி, இப்ப என்ன நிண்டது?"

எனக்கு விளங்கிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரரின் கராஜ். அதில் ஆள் படுக்கிற நீளத்துக்கு ஒரு பிரீசர். அதன் உறுமல் தரை வழியாகவும் சுவர் வழியாகவும் வந்துகொண்டிருந்திருக்கிறது. தெருச் சத்தத்தை நான் மறிக்க மறிக்க அது தெளிவாகியிருக்கிறது. தினமும் கேட்டுக் கேட்டு என் காது அதை விட்டுவிட்டது. பிறந்ததிலிருந்து சுருதியைப் பிடித்துக்கொண்டு பாடியவரின் காது விடுமா? தம்புரா ஒரு பக்கம் இழுக்க, பிரீசர் மறுபக்கம் இழுத்திருக்கிறது. அது ஓய்ந்திருந்த நேரத்தில் விழுந்த சின்ன உருப்படிகள் தப்பிவிட்டன.

"பிரீசர், அக்கா. வீட்டுக்காரற்ற."

"போய் நிப்பாட்டிப்போட்டு வாரும்."

"கராஜ் பூட்டு. கரண்ட் மெயின் போர்டும் அதுக்குள்ளதான். ஆள் மீன் பிடிக்கப் போயிட்டார், திங்கள்தான் வருவார்."

"அதுக்குள்ள அப்பிடி என்ன வச்சிருக்கிறார்?"

அக்கா சுத்த சைவம். குளித்துத் திருநீறு பூசாமல் தம்புராவைத் தொடமாட்டார். மென்று விழுங்கிச் சொன்னேன்: "ஆடு, அக்கா. அரை ஆடு. கொஞ்சம் மீனும்."

பரமண்ணை மிருதங்கத்தின் மேலே கவிழ்ந்து சிரித்தார். "இவ்வளவு நேரமும் செத்த ஆடெல்லோ உமக்குச் சுருதி போட்டிருக்கு!"

அக்கா சிரிக்கவில்லை. எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பிரீசர் மறுபடி தொடங்கும்வரை காத்திருந்தோம். தொடங்கியதும் கம்பளத்தை விலக்கிச் சுவரில் காதை வைத்தார்.

"ஐஞ்சு கட்டையுமில்லை, ஐஞ்சரையுமில்லை. ஐஞ்சரைக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. ஆனா அசையாம நிக்குது." தம்புராவின் பிரடையைத் திருகத் தொடங்கினார். "இதுக்கே சேர்ப்பம்."

"எதுக்கு? ஆட்டுக்கோ?" என்றார் பரமண்ணை.

"ஓம், ஆட்டுக்குத்தான். நான் பாடாமல் பிளேன் ஏறினா அந்தப் பிள்ளை எதுக்கு ஆடும்? கதையை விட்டிட்டு மிருதங்கத்தை இறக்குங்கோ."

பரமண்ணை முணுமுணுத்துக்கொண்டு கல்லை எடுத்துத் தட்டி இறக்கினார். அக்கா தம்புராவை மீட்டினார். உறுமல் தந்தி நாதத்துக்குள் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நான் செய்த வேலை ஒரு பொத்தானை அமுக்கியது மட்டும்தான். வர்ணம் ஒரே மூச்சில் போனது. நடுவில் பிரீசர் ஓய்ந்தது, திரும்பத் தொடங்கியது. அக்கா கண்ணைத் திறக்கவேயில்லை.

4. அரங்கேற்றத்தில்

மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கர்கள். அடித்தொனி தூக்கலாகக் கேட்கும். பிரீசர் வெளியே தெரிந்துவிடுமே என்று நான் மெஷினுக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நின்றேன். தெரிந்தது. ஆனால் பிள்ளை அதற்கு மேலே நின்று ஆடினாள், அடி ஒன்றும் பிசகவில்லை. முடிந்ததும் சங்கீதம் தெரிந்த பெரியவர் ஒருவர் ரீச்சரிடம் வந்தார்.

"ரெண்டு தம்புரா வச்சோ பதிஞ்சனீங்கள்? பின்னால ஒண்டு நல்ல கனமா நிண்டது. ஆர் அது?"

"ஹில்ஸ்பரோவில ஒருத்தர்," என்றார் ரீச்சர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "ஆக்களோட பெரிசாப் பழகமாட்டார்."

அன்று அந்த அறையில் நான் பெல்ட்டைக் கேட்டேன், கேபிளைக் கேட்டேன். பாடுகிறவரிடம் மட்டும் கேட்கவில்லை. அவர் சுருதி சேரவில்லை என்றார். என்னைக் குறை சொல்கிறார் என்றுதான் என் காதில் விழுந்தது. பயந்த காதுக்கு வேறொன்றும் கேட்காது.

அறையைக் கட்டுங்கள். கம்பளம் அடியுங்கள், நல்ல மைக் வாங்குங்கள். பாடுகிறவர் முதல் தரம் நிறுத்தும்போது மெஷினின் மூடியைக் கழற்றாதீர்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு என்ன கேக்குது?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.