சமையலறை வாசலில் கேட்காத மேளம்

"இத்தனை படிச்சது ஊடு ஊடாப் போயி ஸ்பீக்கர் மாட்டறதுக்கா அம்மணி?"

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். என் வேலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்று இருந்துவிட்டேன்.

போன ஆடி மாதம், கணபதி பகுதியில் ஒரு வீட்டுக்கு, நான் வேலை பார்க்கும் ஸ்பீக்கர் கடையிலிருந்து என்னை அனுப்பினார்கள். அந்த வீட்டின் ஒரே மகன் கோயில் விசேஷங்களில் ஜமாப் மேளம் அடிப்பவன். குழுவில் பெரிய டிரம் அவனுடையது. பைக் விபத்தில் இறந்துபோயிருந்தான். அவன் கடைசியாக அடித்ததை நண்பர்கள் நல்ல மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார்கள். செல்போனில் போட்டால் அந்த டிரம் மட்டும் கேட்கவில்லை. அதற்காகவே அவன் அப்பா கனத்த அடித்தொனிக்கென்றே உள்ள பெரிய சப்வூஃபர் பெட்டி ஒன்று வாங்கியிருந்தார்.

சின்ன ஹால். டிவிக்குக் கீழே பெட்டியை வைத்து டிவியோடு இணைத்து, எதிர்ச்சுவரை ஒட்டிய சோபாவில் மைக்கை நிறுத்தி ஒலியை அளந்தேன். எல்லாம் சரியாக வந்தது. பதிவைப் போட்டதும் சோபாவில் இருந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அவன் அம்மா பக்கவாட்டுச் சுவரில் இருந்த சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்க அடிக்கறது கேக்குது கண்ணு. அவன் அடிக்கறது கேக்கல."

சத்தத்தைக் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் இல்லையென்று தலையசைத்தார். அழுதழுது அவளுக்குக் காது அடைத்துப்போய்விட்டது என்று அப்பா என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். நானும் நம்பினேன். போதாததற்கு, லேப்டாப்பைத் திருப்பி அளவைக் காட்டி, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அந்த அம்மாவிடமே விளக்கினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்க வந்து உக்காந்து கேளு கண்ணு."

உட்கார்ந்தேன். சின்ன மேளங்கள் எல்லாம் இருந்தன. பெரிய டிரம் இல்லை.

ஒரே பெட்டியிலிருந்து வரும் பேஸ் என்ற அடித்தொனி சுவர்களில் மோதித் திரும்பும்போது, அறையில் சில இடங்களில் கூடும், சில இடங்களில் அடங்கிப்போகும். படித்த பாடம்தான். ஆனால் நான் ஒரே ஓர் இருக்கையில் அளந்துவிட்டு எழுந்திருந்தேன்.

மறுநாள் கடையிலிருந்து அதே மாதிரி இன்னொரு பெட்டி கொண்டுபோய், சோபாவைச் சற்று முன்னால் நகர்த்தி, அதன் பின்னால் எதிர்ச்சுவரை ஒட்டி வைத்தேன். இரண்டின் சத்தத்தையும் குறைத்து, இந்த முறை வாசலிலும் அளந்தேன். பதிவு ஓடியது. ஜன்னல் அதிரவில்லை. அம்மாவின் விரல் தரையில் தாளம் தட்டத் தொடங்கியது.

"இவன்தான்" என்றார்.

அப்பா சோபாவிலிருந்து இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே போய் நின்றேன்.

தெரியாமலே என் வேலையைக் குறைத்து எண்ணிய மாமாவின் மேல் எனக்கிருந்த கோபம் அன்று போய்விட்டது. நானும் ஒரு தாயின் காதை அப்படித்தான் குறைத்து எண்ணியிருந்தேன்.

அதற்கு முன் நான் ஒற்றைப் பெட்டி வைத்துக் கொடுத்த வீடுகள் நான்கு. அந்த வாரமே நான்கு வீடுகளுக்கும் போன் செய்து, மறுபடி அளக்க வருகிறேன் என்று சொன்னேன். முதல் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில். போனதும் அளக்கும் கருவிகள் இருந்த பையைத் திறக்கவில்லை. வீட்டில் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டு, அந்த இடங்களில் எல்லாம் முதலில் நான் உட்கார்ந்து பார்த்தேன்.