அமுக்குவானும் ஒரு வாழைக்குலையும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். சீகிரியாவில் இருந்து பெரிய ரோட்டுக்கு வரும் காட்டுப் பாதையில், என்னுடைய ஆட்டோவுக்குள்ளேயே நடந்தது இது. இன்றைக்கும் யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

எனக்கு வீடு மாத்தளை டவுனில். பிழைப்பு சீகிரியாவில். வெள்ளைக்காரர்கள் குன்றின் மேல் நின்று சூரியோதயம் பார்க்க ஆசைப்படுவார்கள். அதற்காக நாங்கள் கோழி கூவும் முன்பே எழுந்து ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டும். வாரம் முழுவதும் அரைத் தூக்கம், வாரம் ஒரு தடவை வீடு. இப்படி ஓடியதில்தான் எனக்கு அமுக்குவான் பிடிக்கத் தொடங்கியது.

அனுபவப்பட்டவர்களுக்கு விளங்கும். விழிப்பு வந்துவிடும், கண்ணும் திறந்திருக்கும், ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். கத்த நினைப்போம், நாக்கு புரளாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கரிய உருவம் பக்கத்தில் வந்து குனிந்து பார்ப்பதுபோல் தெரியும். கொஞ்ச நேரத்தில் கால் விரல் அசையும், அதோடு எல்லாம் விட்டுப்போகும்.

டொக்டரிடம் போனேன். "தூக்கம் பத்தாம வர்ற பிரச்சினைதான். தெரியறது ஒண்ணும் நெசமில்ல. பயப்படாம மூச்சை நிதானமா விடுங்க, தானா போயிரும்" என்றார். என் மனைவிக்கு அந்த விளக்கம் போதவில்லை. தலையணைக்கு அடியில் பாக்குவெட்டியை வைத்தாள். நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். செருப்பைக் கவிழ்த்துப் போட்டாள். அமுக்குவான் அசரவில்லை. பாக்குவெட்டி காதில் குத்தியதுதான் கண்ட மிச்சம். கடைசியில் பிள்ளையாரிடம் போய், ஒரு மாதம் அது வராமல் இருந்தால் சீப்பு உடையாத முழு வாழைக்குலை ஒன்று கொண்டுவந்து வைப்பதாக நேர்த்தி வைத்துவிட்டாள்.

அந்த மாதம் நல்ல மழை. ஹயர் இல்லை, சவாரிக்கு ஆள் வரவில்லை. நான் விடிய விடிய நன்றாகத் தூங்கினேன். அமுக்குவான் எட்டியும் பார்க்கவில்லை. மழைக்குப் போக வேண்டிய பெருமை பிள்ளையாருக்குப் போனது. சரி, போகட்டும், வீட்டில் நிம்மதி வந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை பூசைக்குக் குலை வேண்டும் என்று அவள் போனில் சொல்ல, வியாழக்கிழமை சீகிரியாவில் ஒரு தோட்டத்துக்காரரிடம் பழுக்கத் தொடங்கிய நல்ல குலையாகப் பார்த்து வாங்கினேன். ஈரச் சாக்கால் மூடி, ஆட்டோவின் பின் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கிடத்தினேன். எங்கள் ஆட்டோ பார்க்கில் இருந்த சிங்கள நண்பர் பார்த்துவிட்டு, "மச்சான், சாக்குப் போட்டு மூடினாலும் யானைக்கு வாசம் தெரியும். பெரிய ரோட்டுக்குப் போற வரைக்கும் எங்கேயும் நிற்காதே" என்று அவருடைய மொழியில் எச்சரித்தார். அந்த ஊரில் பிறந்தவர்கள் வண்டியில் பழம் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் மூச்சு விடவும் நிற்க மாட்டார்கள். நான் டவுன்காரன். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று விடியலில் இருந்து ஓய்வில்லாத ஓட்டம், மறுபடியும் சீசன் தொடங்கியிருந்தது. பாதி வழியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அங்கே பாதையோரம் ஒரு மரம் இருக்கிறது. காட்டு வழியில் போகிறவர்கள் யானையிடம் இருந்து காவல் கேட்டு, ஒரு இலைக்கொத்தை ஒடித்து அந்த மரத்தின் கிளையில் தொங்கவிட்டுக் கும்பிட்டுப் போவது வழக்கம். சிங்களவர்கள் அதைக் காட்டுத் தெய்வத்துக்கு என்பார்கள். எனக்கு அது பிள்ளையார்தான். நானும் ஒரு கொத்தை ஒடித்துத் தொங்கவிட்டுக் கும்பிட்டேன். காவல் கேட்டாயிற்று, இனி என்ன பயம் என்று அந்த மரத்தடியிலேயே ஆட்டோவை நிறுத்தி, பின் சீட்டில் மல்லாந்து படுத்தேன். அந்த இடத்தில் எல்லோரும் காவல் கேட்கிறார்கள் என்றால் அந்த இடத்தில்தான் யானை வரும் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை.

விழிப்பு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. உடம்பு மரக்கட்டையாகக் கிடந்தது. அடப்பாவி, நேர்த்தியைக் கொண்டு போகும் வழியிலேயே திரும்பி வந்துவிட்டாயா என்று நினைத்தேன். வழக்கம்போல் பக்கத்தில் ஒரு கரிய உருவம். இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக இருந்தது. டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. தெரிவது ஒன்றும் நிஜமில்லை, மூச்சை நிதானமாக விடு. விட்டேன்.

கரியதாக ஏதோ ஒன்று உள்ளே நீண்டு வந்து என் முகத்துக்கு மேலே நின்றது. சூடாக, ஈரமாகக் காற்று கழுத்தில் பட்டது. நெஞ்சைத் தடவி, வயிற்றைத் தடவி, கீழே இறங்கியது. ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. ரெக்சின் கிழியும் சத்தம் கேட்டது. இதெல்லாம் சும்மா தோற்றம், இப்போது போய்விடும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு கிடந்தேன். பிறகு சேறும் மென்ற புல்லும் கலந்த ஒரு வாடை வந்தது. அமுக்குவானுக்கு அதுவரை வாடை இருந்ததே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. கத்தித் தொலைத்திருப்பேன், நாக்கு புரளவில்லை. பாய்ந்து ஓடியிருப்பேன், கால் என்னுடையதாக இல்லை. மகளின் முகம் மட்டும் கண்ணுக்குள் வந்தது. சனிக்கிழமை அவளுடைய காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். பிள்ளையாரே, அந்தச் சப்பாத்தை வாங்கிக் கொடுக்கவாவது விடு என்று மனதுக்குள் அழுதேன். சாக்கோடு சேர்ந்து குலை சரசரவென்று வெளியே போகும் சத்தம் கேட்டது. ஆட்டோ குலுங்கி நிமிர்ந்தது.

கால் விரல் அசைந்தது. மெல்ல எழுந்து உட்கார்ந்தேன். பாதைக்கு அந்தப் பக்கம் புதருக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய யானை, நேர்த்திக் குலையைத் தண்டோடு மென்றுகொண்டிருந்தது. என் சட்டை முழுவதும் சேறு.

பின்னால் வளைவில் ஒரு லொறி நின்றது. அதன் டிரைவர் சத்தம் போடாமல் வா, வா என்று கையைக் காட்டினார். பூனை மாதிரி நடந்து போய் ஏறினேன். ஹோட்டல்களுக்கு மரக்கறி இறக்கிவிட்டுக் கலேவெலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் அண்ணன் அவர், நாங்கள் நானா என்போம். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அல்லாஹ்தான் ஒங்களக் காப்பாத்தினான், தம்பி. ஹோர்ன் அடிச்சா மிரண்டுருமேன்னு அடிக்கல்ல. நீங்க முழிச்சிக் கத்திருவீங்களோன்னுதான் எனக்கு உசிரே போச்சு. கத்தியிருந்தா வண்டியோட சேத்து மிதிச்சிருக்கும்."

"நான் முழிச்சுத்தாங்க நானா இருந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முழிச்சா! அப்படின்னா ஒங்களுக்கு நெஞ்சு கல்லுதான்!" என்றார். அந்த மரியாதையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்றாலும் விஷயத்தைச் சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, போத்தலில் இருந்த பிளேன் டீயை ஊற்றிக் கொடுத்தார். யானை போகும்வரை காத்திருந்து, பெரிய ரோடு வரும்வரை எனக்கு முன்னால் லொறியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். அவருடைய ஊரைத் தவிர அவரைப் பற்றி எனக்கு வேறு எதுவும் தெரியாது. நினைக்கும்போதெல்லாம் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

கிழிந்த ரெக்சின் ஹூட்டோடும் சேற்றுச் சட்டையோடும் வெறுங்கையாக வீட்டில் போய் இறங்கினேன். மனைவி முழுக் கதையையும் கேட்டாள். அழுதாள், திட்டினாள், என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு வரைக்கும் பொறுக்க முடியாம அவரே நேர்ல வந்து எடுத்துக்கிட்டாருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆனாலும் மறுநாள் டவுனில் இன்னொரு குலை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். அவள் கண்ணை மூடி நெடுநேரம் நின்றாள். வெளியே வந்ததும், அமுக்குவான் வராமல் இருக்க மறுபடியும் நேர்த்தி வைத்தாளா என்று கேட்டேன்.

"இல்லைங்க. அது வந்தா வந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டேன். நேத்து அது ஒங்கள அமுக்கிப் புடிக்கலைன்னா நான் இன்னைக்கு யாரோட கோயிலுக்கு வந்திருப்பேன்?"

சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சப்பாத்து வாங்கினேன். அவள் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்து காட்டியபோது கடைக்காரர் பார்க்க அழுதுவிட்டேன்.

இப்போது விடியல் ஹயர்களைக் குறைத்துக்கொண்டேன். காட்டுப் பாதையில் பழமும் ஏற்றுவதில்லை, தூங்குவதும் இல்லை. பாக்குவெட்டி தலையணைக்கு அடியில் இருந்து சமையலறைக்குத் திரும்பிவிட்டது. அமுக்குவான் மட்டும் எப்போதாவது வருகிறது. வீட்டில் இருக்கும்போது வந்தால், என் மூச்சு மாறுவதை வைத்தே மனைவி கண்டுபிடித்து, கால் பெருவிரலைப் பிடித்து இழுத்து எழுப்பிவிடுவாள். அவள் இழுக்கும் வரைக்கும் நான் முன்போலப் போராடுவதில்லை. இத்தனை நாளாக நான் பயந்த ஒன்றுதான் என்னை உயிரோடு என் பிள்ளையிடம் திருப்பி அனுப்பியது என்ற நினைப்போடு, மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு சும்மா கிடக்கிறேன்.